சர்வதேசச் சட்டம் எங்கிருந்து வருகிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது?

தில்லியில் சட்டம் படிக்கும் நீங்கள் கேட்டது இதுதான்: உலகம் முழுமைக்கும் ஒரு நாடாளுமன்றம் இல்லை, காவல்துறை இல்லை, எல்லா நாடுகளையும் கூண்டில் ஏற்றக்கூடிய நீதிமன்றமும் இல்லை, பிறகு சர்வதேசச் சட்டம் எங்கிருந்து வருகிறது, அதைச் சட்டம் என்று சொல்வது சரியா? கூடவே, ஆர்.கே. புரம் பக்கம் தமிழர்கள் கூடும் இடங்களில் கச்சத்தீவுப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு சர்வதேசச் சட்டம் சொல்கிறார்கள், எதை நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் கேள்வி விளங்கினால்தான் இரண்டாவதைத் தொட முடியும்.

சர்வதேசச் சட்டத்தில் விதியை உண்டாக்குவதும் அரசுகள், அதற்குக் கட்டுப்படுவதும் அரசுகள். மேலே இருந்து யாரும் கட்டளை போடுவதில்லை. ஓர் அரசு எழுத்தில் சம்மதித்தது, தன் நடத்தையால் ஏற்றுக்கொண்டது, உலகம் பொதுவாகச் சட்டம் என்று மதித்து நடக்கும்போது எதிர்க்காமல் இருந்தது ஆகியவைதான் அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே ‘சர்வதேசச் சட்டப்படி இது தவறு’ என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். அந்த விதிக்கு மூலம் எது? அது இந்த நாட்டைக் கட்டுப்படுத்துமா? அதை விசாரிக்கும் அதிகாரம் எந்த மன்றத்துக்காவது உண்டா? இவை தனித்தனிக் கேள்விகள். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்ததும் ‘அப்படியானால் சட்டமே இல்லை’ என்று முடித்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வழக்குப் போட இடம் இல்லாத கடமையும் கடமைதான்.

மூலங்களின் பட்டியல், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்தை அமைத்த சட்டவிதியின் 38(1) பிரிவில் இருக்கிறது: ஒப்பந்தங்கள், சட்டம் என்று ஏற்கப்பட்ட பொது நடைமுறையாகிய வழக்காறு, நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகள், இவற்றைக் கண்டறிய உதவும் துணைக்கருவிகளாக நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர் கருத்துகளும். இந்த வாசகம் 1945இல் புதிதாக எழுதப்பட்டதன்று. 1920இல் அதற்கு முன்னோடியான நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்காக எழுதியதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1945 ஜூன் 26 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். சட்டவிதி சாசனத்தோடு இணைந்த பகுதி. சாசனத்தை ஏற்ற நாடு இதையும் ஏற்றதாகிறது. இந்தியா அப்போது விடுதலை பெறவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளுக்குக் குரல் இல்லாத காலத்தில் உருவானது. பொதுக் கோட்பாடுகளைச் சொல்லும் பிரிவில் ‘நாகரிகமடைந்த நாடுகள்’ என்ற சொல் இன்னும் நீக்கப்படாமல் நிற்கிறது.

ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவோம். தலைப்பில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது பொருட்டில்லை. உடன்படிக்கை, மரபொப்பந்தம், நெறிமுறை, சாசனம், கடிதப் பரிமாற்றம் எதுவாகவும் இருக்கலாம். இரு தரப்பும் சட்டக் கடமை ஏற்றிருக்கிறதா என்பதே உரைகல். கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான வழக்கில், 1990 டிசம்பரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட்ட வெறும் கூட்டக் குறிப்பை ஒப்பந்தம் என்று 1994இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. பஹ்ரைன் அமைச்சர், ‘ஒப்பந்தம் செய்யும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை’ என்றார். தாளில் எழுதியதே எண்ணத்தைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

பலதரப்பு ஒப்பந்தம் பிறக்கும் வழி இது. பேச்சுவார்த்தை நடக்கும், வாசகம் இறுதியாகும், கையொப்பம் இடுவார்கள், பிறகு ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டு முறைப்படி அதை ஏற்று ஏற்புறுதி ஆவணத்தை ஒப்படைக்கும், ஒப்பந்தத்திலேயே குறித்துள்ள எண்ணிக்கை சேர்ந்ததும் நடைமுறைக்கு வரும், ஐ.நா. செயலகத்தில் பதிவாகும். மாணவர்கள் சறுக்குவது கையொப்பத்துக்கும் ஏற்புறுதிக்கும் நடுவில்தான். ஏற்புறுதி தேவைப்படும் ஒப்பந்தத்தில் கையொப்பம் மட்டும் இட்ட நாடு அதன் விதிகளுக்குக் கட்டுப்படாது. ஒப்பந்தத்தின் நோக்கத்தையே கெடுக்கும் செயலைச் செய்யக் கூடாது என்ற அளவுக்குத்தான் அதன் கடமை. வடகடல் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய கடலடி நிலம்) வழக்கு இதற்கு நல்ல சான்று. கண்டத்திட்டு பற்றிய 1958ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனி கையொப்பமிட்டிருந்தது, ஏற்புறுதி தரவில்லை. இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் எல்லை போடச் சொல்லும் அதன் சமதூரக் கோட்டு விதியை ஜெர்மனி மீது சுமத்த டென்மார்க்கும் நெதர்லாந்தும் முயன்றன. 1969இல் நீதிமன்றம் மறுத்தது. நம் நாட்டிலேயே பாருங்கள்: சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் இந்தியா 1997 அக்டோபரில் கையொப்பமிட்டது. ஏற்புறுதி இன்னும் வரவில்லை.

நடைமுறைக்கு வரும் தேதியையும் விடாமல் பாருங்கள். கடல் சட்ட ஒப்பந்தம் 1982இல் கையொப்பத்துக்கு வந்தது. 60 நாடுகளின் ஏற்புறுதி வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே நடைமுறைக்கு வந்தது 1994 நவம்பர் 16. இந்தியா 1995 ஜூனில்தான் சேர்ந்தது. ‘1982 சட்டப்படி’ என்று 1985ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வாதாடினால், ஒப்பந்தமாக அது நிற்காது. வழக்காறாக இருந்தது என்று தனியே நிரூபிக்க வேண்டும்.

அடுத்தது விலக்குறுதி, அதாவது ‘இந்தப் பிரிவு மட்டும் எனக்கு வேண்டாம்’ என்று சேரும்போதே சொல்வது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு நட்டஈடு பெறும் உரிமையைச் சொல்லும் 9(5) பிரிவுக்கு விலக்குறுதி போட்டது. பின்னர் உச்ச நீதிமன்றமே அரசியலமைப்பின் கீழ் நட்டஈடு வழங்கத் தொடங்கியதால், டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் அந்த விலக்குறுதி பொருளிழந்துவிட்டது என்று சொன்னார்கள். ஒரு நாட்டின் கடமையை எடுத்துச் சொல்லும்முன் அதன் விலக்குறுதிப் பட்டியலைப் பார்ப்பது கட்டாயம். பார்க்காமல் எழுதப்படும் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

ஒப்பந்தங்களைப் படிப்பதற்கான விதிகள் 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தச் சட்ட மரபொப்பந்தத்தில் இருக்கின்றன. 31ஆம் பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு, சொற்களின் இயல்பான பொருளில், சூழலையும் நோக்கத்தையும் கொண்டு படிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு: இந்தியா அதில் உறுப்பு நாடு அன்று. ஆனாலும் அதன் முக்கிய விதிகளுக்கு இந்தியா கட்டுப்படுகிறது. 2011இல் ராம் ஜெத்மலானி வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே 31ஆம் பிரிவை எடுத்தாண்டது. ஏன் என்றால், அந்த விதிகள் வழக்காறு என்ற இன்னொரு மூலத்திலும் இருக்கின்றன. ஒரே விதி இரு மூலங்களில் உயிர்வாழலாம். ஒன்றிலிருந்து விலகிய நாடு மற்றதிலிருந்து தப்பிவிடாது.

வழக்காறுதான் இந்தப் பாடத்தின் கடினமான, அழகான பகுதி. அதற்கு இரண்டு கூறுகள் வேண்டும். நாடுகளின் நடைமுறை பரவலாகவும் சீராகவும் இருக்க வேண்டும். அப்படி நடப்பது சட்டக் கடமை என்ற எண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும். இரண்டாவதை ஓபினியோ ஜூரிஸ் என்பார்கள். வெளிநாட்டு அதிபர் வந்தால் குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்தில் அணிவகுப்பு மரியாதை தருகிறோம். எல்லா நாடுகளும் இப்படி ஏதோ ஒரு வகையில் செய்கின்றன. ஆனால் தராவிட்டால் சட்டமீறல் என்று எந்த நாடும் சொல்லாது. அது மரியாதை, வழக்காறு அன்று. அதே அதிபரைக் கைது செய்தால் சட்டமீறல் என்று உலகமே சொல்லும். நடைமுறை இரண்டிலும் உண்டு. கடமை என்ற எண்ணம் இரண்டாவதில்தான் உண்டு.

எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? அரசு தன் வாயால் சொன்னதைத் தேட வேண்டும்: தூதரகக் குறிப்புகள், நாடாளுமன்றப் பதில்கள், ஐ.நா.வில் வாக்களிக்கும்போது தந்த விளக்கம், உள்நாட்டுச் சட்டங்கள், உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1900இல் பாக்கெட் ஹபானா வழக்கில் செய்தது இதைத்தான். கியூபாக் கரையில் போரின்போது பிடித்த இரண்டு மீன்பிடிப் படகுகளை விடுவிக்க, நாடுகளின் பல நூற்றாண்டு ஆணைகளையும் உடன்படிக்கைகளையும் அடுக்கிக் காட்டி, கரையோர மீனவரின் படகைப் போர்ப் பரிசாகப் பிடிக்கக் கூடாது என்ற விதி முதிர்ந்துவிட்டது என்றது. வழக்காற்றை எப்படித் தேடுவது என்று அறிய விரும்புபவர் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும்.

வழக்காறு உலகம் தழுவியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்தியா மீது போர்ச்சுகல் தொடுத்த வழக்கு அதற்கு முதல் எடுத்துக்காட்டு. டாமனிலிருந்து தாத்ரா, நாகர் ஹவேலிக்குப் போக இந்திய நிலத்தைக் கடக்க வேண்டும். 1954இல் இந்தியா வழியை அடைத்தது. போர்ச்சுகல் 1955 டிசம்பர் 14 அன்று ஐ.நா.வில் சேர்ந்து, 19ஆம் தேதி நீதிமன்ற அதிகாரத்தை ஏற்கும் அறிவிப்பைக் கொடுத்து, 22ஆம் தேதி வழக்குப் போட்டது. இந்தியாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. 1960 ஏப்ரலில் வந்த தீர்ப்பு நுணுக்கமானது. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொதுமக்களும் குடிமை அதிகாரிகளும் சரக்குகளும் தடையின்றிப் போய்வந்திருக்கிறார்கள். இரண்டே நாடுகளுக்கு இடையிலும் வழக்காறு உண்டாகலாம். ஆகவே அந்த அளவுக்கு உரிமை உண்டு. ஆனால் படை, ஆயுதக் காவலர், ஆயுதங்கள் எப்போதும் முன்அனுமதி பெற்றே போயின. அனுமதி கேட்டுப் பெற்றது உரிமையாகாது. 1954 பதற்றச் சூழலில் வழியை நிறுத்தியதிலும் இந்தியா கடமை தவறவில்லை. அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். கீழே பாக் நீரிணைக்கு வரும்போது வேண்டும். 1974இல் இந்தியா கொடுத்த புதிய அறிவிப்பில், அதிகாரத்தை ஏற்றுப் பன்னிரண்டு மாதம் ஆகாத நாடு இந்தியா மீது வழக்குப் போட முடியாது என்ற நிபந்தனை இருக்கிறது.

விதி உருவாகும்போதே தொடர்ந்து, வெளிப்படையாக எதிர்த்துவந்த நாட்டை அது கட்டுப்படுத்தாது என்பதும் ஏற்கப்பட்ட கருத்து. பின்னால் மனம் மாறி எதிர்ப்பது செல்லாது.

வழக்காறு எழுத்துக்கு மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் தில்லியில் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரிக்குப் போனால் போதும். தூதர்களைத் தொடக் கூடாது என்பது மிகப் பழைய வழக்காறு. 1961இல் வியன்னா தூதரக உறவு மரபொப்பந்தமாக எழுதினார்கள். இந்தியா 1972இல் அதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. சாந்தி பாத் ஓரத்தில் நிற்கும் தூதரகம் வெளிநாட்டு மண் என்று பலர் நம்புகிறார்கள். அது இந்திய மண். இந்தியச் சட்டம் அங்கும் பொருந்தும். மரபொப்பந்தத்தின் 22ஆம் பிரிவு சொல்வது, தூதரகத் தலைவரின் சம்மதமில்லாமல் நம் அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது என்பதுதான். நீல நிற எண்பலகை வண்டியில் போகும் தூதரும் 41ஆம் பிரிவின்படி இந்தியச் சட்டத்தை மதிக்கக் கடமைப்பட்டவர். மீறினால் நாம் வழக்குப் போட முடியாது. வழக்கிலிருந்து அவருக்குள்ள விலக்குரிமையைக் கைவிடும்படி அவர் நாட்டைக் கேட்கலாம், அல்லது காரணம் சொல்லாமலே ‘ஏற்கத்தகாதவர்’ என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம்.

2013 மார்ச்சில் தில்லியில் இதற்கு ஒரு சோதனை வந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரு மீனவர்கள் இறந்தார்கள். வழக்கு நடக்கும்போது வீரர்கள் வாக்களிக்க ஊர் போக, இத்தாலியத் தூதரின் உறுதிமொழியை ஏற்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அவர்கள் திரும்பமாட்டார்கள் என்று இத்தாலி அறிவித்ததும், தூதர் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தாமே நீதிமன்றத்தில் உறுதிமொழி தந்தவர் விலக்குரிமை கோர முடியாது என்பது ஒரு வாதம். அந்தச் சினம் நியாயமானது, ஆனால் சட்டம் அந்தப் பக்கம் இல்லை என்பது என் கருத்து. தூதரக உறவு மரபொப்பந்தத்தின் 32ஆம் பிரிவின்படி விலக்குரிமையைக் கைவிடுவது அனுப்பிய நாட்டின் உரிமை. அதையும் வெளிப்படையாகச் செய்ய வேண்டும். வீரர்கள் மார்ச் 22 அன்று திரும்பியதால் முடிச்சு அவிழ்ந்தது.

அதே வழக்கின் முடிவும் கற்கத்தக்கது. கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2020 மே 21 அன்று, வீரர்கள் அரசுப் பணியில் செயல்பட்டதால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இந்தியாவின் கடற்பயண உரிமையை மீறியதால் நட்டஈடு தர வேண்டும் என்றது. அரசு அதிகாரிகளுக்கான விலக்குரிமை அந்த வீரர்களுக்குப் பொருந்தும்படி கடல் சட்ட ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. மன்றம் அதை வழக்காற்றிலிருந்து எடுத்தது. இத்தாலி கட்டிய பத்துக் கோடி ரூபாயைப் பெற்ற பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

மற்ற மூலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொதுச் சட்டக் கோட்பாடுகள் எல்லா நாட்டுச் சட்டங்களிலும் காணப்படுபவை: முடிந்த வழக்கை மீண்டும் கிளறக் கூடாது, தன் தவறால் தானே பயன்பெறக் கூடாது, தீங்கு செய்தவன் ஈடுசெய்ய வேண்டும். ஒப்பந்தமும் வழக்காறும் மௌனமாக இருக்கும் இடத்தை இவை நிரப்பும். தீர்ப்புகளைப் பொறுத்தவரை சட்டவிதியின் 59ஆம் பிரிவை மறவாதீர்கள்: சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு அந்த வழக்கின் தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். நம் அரசியலமைப்பின் 141ஆம் பிரிவு போல முன்தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும் முறை அங்கில்லை. நடைமுறையில் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளை எளிதில் கைவிடுவதில்லை.

38ஆம் பிரிவில் இல்லாதவையும் உண்டு. பாதுகாப்பு கவுன்சிலின் முடிவுகள் சாசனத்தின் 25ஆம் பிரிவால் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். அந்த வலிமை சாசனம் என்ற ஒப்பந்தத்திலிருந்து வருவது. பொதுச்சபைத் தீர்மானம் பொதுவாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் நாடுகளின் எண்ணத்துக்குச் சான்றாகும். 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் அப்படிப் பிறந்து, பின்னால் பெரும்பகுதி சட்டமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஒப்பந்தத்தாலும் மீற முடியாத கட்டாய விதிகள் சில: இனப்படுகொலை, அடிமைமுறை, சித்திரவதை, ஆக்கிரமிப்புப் போர் ஆகியவற்றுக்கான தடைகள். இரு நாடுகள் சேர்ந்து அடிமை வணிகத்துக்கு ஒப்பந்தம் போட்டால் அது பிறக்கும்போதே செல்லாதது.

இப்போது கச்சத்தீவு. மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்ப்போம். மூலம்: 1974 ஜூன் 26, 28 தேதிகளில் கையொப்பமான, வரலாற்று நீர்ப்பரப்பில் (நெடுங்காலமாக இரு நாடுகளும் தமதாகக் கருதிவந்த கடலில்) எல்லை வகுக்கும் ஒப்பந்தம். தீவு கோட்டின் இலங்கைப் பக்கம் விழுந்தது. 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்கு வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. பிறகு 1976 மார்ச் 23 அன்று இரு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பு, கடற்பகுதி, பொருளாதார மண்டலத்தில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. ‘வெறும் கடிதம்தானே’ என்ற வாதம், மேலே சொன்ன கத்தார் தீர்ப்பின் முன் நிற்காது.

வாதத்துக்கு இடமுள்ள கேள்வி வேறு. 6ஆம் பிரிவில் உள்ள ‘மரபான உரிமை’ கலங்களின் போக்குவரத்தை மட்டும் குறிக்கிறதா, மீன்பிடிப்பையும் சேர்த்தா? 1976 கடிதங்கள் அதை நீக்கினவா, அல்லது பொருளாதார மண்டலம் போன்ற புதிய மண்டலங்களைப் பற்றி மட்டும் பேசினவா? இதற்குச் சொற்களின் பொருள், இரு ஆவணங்களின் நோக்கம், பின்வந்த ஆண்டுகளில் இரு அரசுகளும் நடந்துகொண்ட விதம் மூன்றையும் பார்க்க வேண்டும். தமிழக மீனவர் பக்கம் பேச விரும்புபவர் உழைக்க வேண்டிய இடம் இது. மரபு உரிமையை வழக்காறாக நிலைநாட்ட, எந்த ஊர்ப் படகுகள், எந்தப் பருவத்தில், எந்த வலையோடு, யாரிடமும் அனுமதி கேட்காமல் எத்தனை தலைமுறை அங்கே தொழில் செய்தன என்ற சான்று வேண்டும். அனுமதி பெற்றதற்கான தடயம் இருந்தால் அது போர்ச்சுகல் வழக்கைப்போல உரிமையைக் குறைக்கும். நாட்டுப்படகுக்கு நிலைநாட்டும் மரபு, பின்னாளில் வந்த இழுவலை விசைப்படகுக்குத் தானாகப் பொருந்தாது என்பதையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

‘நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதில் இரண்டு தளங்கள் கலந்திருக்கின்றன. உள்நாட்டில், பெருபாரி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. அதனால்தான் 1974 மே மாதம் வங்கதேசத்தோடு கையொப்பமான நில எல்லை ஒப்பந்தம் 2015இல் நூறாவது திருத்தம் வந்த பிறகே முழுமையாக நிறைவேறியது. ஆனால் 1969இல் கட்ச் ரண் குறித்த மகன்பாய் வழக்கில், தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்துக்கொள்வதற்குத் திருத்தம் வேண்டாம் என்றது. கச்சத்தீவு தகராறில் இருந்த இடம், விட்டுக்கொடுத்ததாகாது என்பது ஒன்றிய அரசின் நிலை. இந்திய நிலமாகவே இருந்தது என்பது எதிர்த்தரப்பின் நிலை. உள்நாட்டு நீதிமன்றத்தில் இது உயிருள்ள கேள்வி. வெளியே, இலங்கைக்கு எதிராக இதைச் சொல்வது மிகக் கடினம். உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. அப்பட்டமாகத் தெரிந்த, அடிப்படை முக்கியத்துவம் வாய்ந்த மீறலாக இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ‘சூழ்நிலை மாறிவிட்டது’ என்ற வாதம் எல்லை ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று வியன்னா மரபொப்பந்தத்தின் 62ஆம் பிரிவே சொல்கிறது.

மன்றம் உண்டா? சர்வதேச நீதிமன்றம் இரு தரப்பும் சம்மதித்தால்தான் விசாரிக்கும். இந்தியாவின் அறிவிப்பு, 1974இல் கொடுத்ததும் சரி, 2019 செப்டம்பரில் புதுப்பித்ததும் சரி, பல விலக்குகளைக் கொண்டது. காமன்வெல்த் நாடுகளோடான தகராறுகள் அவற்றில் ஒன்று. 1999இல் சுட்டு வீழ்த்தப்பட்ட தன் கடற்படை விமானத்துக்காகப் பாகிஸ்தான் போட்ட வழக்கு, 2000 ஜூனில் இந்த விலக்கால்தான் 14-2 என்ற கணக்கில் விழுந்தது. இலங்கையும் காமன்வெல்த் நாடு என்பதால் இந்த வழியில் இரு பக்கமும் கதவு மூடியிருக்கிறது. மிஞ்சுவது பேச்சுவார்த்தை.

கதவு திறப்பது எப்படி என்பதற்கு, உளவு பார்த்ததாகப் பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கைப் பாருங்கள். பொது அறிவிப்பை நம்பாமல், 1963ஆம் ஆண்டு துணைத்தூதரக உறவு மரபொப்பந்தத்தோடு வந்த, அது பற்றிய தகராறுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இடம் தரும் விருப்ப நெறிமுறையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்ததை இந்தியா பிடித்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டு இருதரப்பு உடன்பாடு பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கைதுகளை விலக்குகிறது என்று பாகிஸ்தான் வாதிட்டது. கைதானவரை அவர் நாட்டுத் தூதரக அதிகாரிகள் சந்திக்க மரபொப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தரும் உரிமையை அந்த உடன்பாடு குறைக்காது என்று 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் 15-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மன்றத்தின் அதிகாரம் அந்த ஒரு மரபொப்பந்தம் வரைதான். ஆகவே தண்டனையை ரத்து செய்யாமல், மறுஆய்வு செய்யச் சொன்னது.

இனி உங்களுக்குத் தொழிலில் அதிகம் பயன்படுவது: இந்திய நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை எப்படி எடுத்துவைப்பது. அரசு ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டாம். அரசியலமைப்பின் 73ஆம் பிரிவு தரும் நிர்வாக அதிகாரம் போதும். ஆனால் குடிமக்களின் உரிமையையோ நடப்புச் சட்டத்தையோ மாற்ற வேண்டுமானால் 253ஆம் பிரிவின் கீழ் சட்டம் வேண்டும். 2023 அக்டோபரில் நெஸ்லே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வரி ஒப்பந்தங்களுக்கும் வலியுறுத்தியது: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வராமல் ஒப்பந்தச் சலுகையைக் கோர முடியாது. சட்டமே இல்லாத வெற்றிடத்தில் நிலைமை வேறு. விசாகா வழக்கில் 1997இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் மரபொப்பந்தத்தைக் கொண்டு பணியிட நெறிமுறைகளை நீதிமன்றமே வகுத்தது. நாடாளுமன்றச் சட்டம் 2013இல்தான் வந்தது. சட்டம் இருந்து அது இரு பொருள் தந்தால், ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகும் பொருளைக் கேளுங்கள். 1980இல் ஜாலி ஜார்ஜ் வழக்கில் கடன் கட்ட இயலாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று கிருஷ்ணய்யர் அப்படித்தான் முடிவுக்கு வந்தார். வழக்காறு இந்தியச் சட்டத்தோடு மோதாதவரை தானாகவே நம் சட்டத்தின் பகுதி. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் 1996இல் ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கோட்பாடு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தோடு நேராக மோதினால் சட்டமே வெல்லும். அந்த இடத்தில் ஒப்பந்தத்தை நம்பி மனு எழுதாதீர்கள்.

காவல்துறை இல்லாமல் யார் மதிப்பார்கள் என்ற உங்கள் ஐயம் நியாயமானது. நிகராகுவா 1986இல் அமெரிக்காவுக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பை அமலாக்கப் பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனபோது அமெரிக்காவே வீட்டோ போட்டது. இந்த ஓட்டை உண்மையானது, மறைக்கக் கூடாது. ஆனால் அன்றாடம் சட்டத்தைத் தாங்குவது பரஸ்பரம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத்தூதரக அதிகாரி கைதானபோது, சாணக்யபுரியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் சாலையில் இருந்த தடுப்புகளைத் தில்லி காவல்துறை அகற்றியது. துணைத்தூதரக அதிகாரிக்கு உள்ள விலக்குரிமை அலுவல் செயல்களுக்கு மட்டுமே என்பது அமெரிக்காவின் வாதம். அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றி முழு விலக்குரிமை பெற்றுத்தந்து இந்தியா ஊருக்கு அழைத்துக்கொண்டது. இரு தரப்பும் சண்டை போட்டதே மரபொப்பந்தங்களின் பிரிவுகளை வைத்துத்தான். சத்தமில்லாமல் மதிப்பதும் உண்டு: வங்காள விரிகுடாவில் தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு என்று 2014 ஜூலையில் நடுவர் மன்றம் சொன்னதை இந்தியா ஏற்றுக்கொண்டது.

படிக்கத் தொடங்கும் முறை பற்றி ஒன்று. பாடநூலுக்கு முன்னால் மூல ஆவணத்தை எடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்தில் இந்தியா செய்த உடன்பாடுகளின் வாசகம் கிடைக்கும். ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் யார் எப்போது சேர்ந்தார்கள், என்ன விலக்குறுதி போட்டார்கள் என்பது நாடுவாரியாக இருக்கும். உச்ச நீதிமன்றத்துக்கு எதிரில் பகவான் தாஸ் சாலையில் கிருஷ்ண மேனன் பவனில் இந்திய சர்வதேசச் சட்டச் சங்கம் 1959 முதல் இயங்குகிறது. ஆசிய-ஆப்பிரிக்கச் சட்ட ஆலோசனை அமைப்பின் தலைமையகமும் தில்லியில்தான், சாணக்யபுரியில் இருக்கிறது. முதலில் 1974 ஒப்பந்தத்தையும் 1976 கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் யார் கடமைப்பட்டவர், எந்த நீர்ப்பரப்புக்கு, எந்தச் செயலுக்கு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான்; ஒரு மாலையில் முடியும்.